மாற்றும் உரிமை யாருக்கு?

பாடசாலை முற்றத்தில் நான் என் காரை நிறுத்தும்போது சக ஆசிரியர் சிலர் முறுவலிப்பதை அறிவேன். நரைத்த தலையும் கையில் விடைத்தாட் கட்டுமாக இறங்கும் ஒருவருக்கு, வாலிபர் விரும்பும் விரைவுக் கார் எதற்கு என்பது அவர்கள் கேளாமற் கேட்கும் வினா. அதற்கு விடை கூறுவதோடு, நம் இளைஞர் பலர் தம் வண்டிகளை மாற்றியமைக்கும் முறைபற்றி என் கருத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என்னுடையது பழைய சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட். 1600 சி.சி. எஞ்சின், 125 குதிரைவலு, நிறை ஏறத்தாழ ஒரு தொன். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் காரில் வலிமிக்க எஞ்சினைப் பொருத்திய இவ்வகையை ஆங்கிலேயர் ‘ஹொட் ஹச்’ என்பர். 1976இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜி.ரி.ஐ. இவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தது. அதற்கும் முன்னோடியாக அமைந்தது 1961இல் வெளிவந்த மினி கூப்பர். 848 சி.சி. கொண்ட சின்னஞ்சிறு மினிக்கு, ஜோன் கூப்பரின் தூண்டுதலால் 997 சி.சி. எஞ்சின் கிடைத்தது, 34 குதிரைவலு 55 ஆயிற்று. அவ்வண்டியின் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும் அப்போதே பொருத்தப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஓட்டத்தைக் கூட்டியவர்கள், நிறுத்தும் ஆற்றலையும் உடன் கூட்டினார்கள்.

இந்த உண்மையை நான் நூலிற் கற்கவில்லை. மலைச் சரிவிற் கற்றேன்.

2019இல் இக்காரை ஒருவரிடமிருந்து வாங்கினேன். நிலத்தோடு தாழ்ந்த தோற்றம், அகன்ற சில்லுகள், உறுமும் சைலன்சர். கண்ணும் காதும் மயங்க, கருத்தும் மயங்கிற்று. அவ்வாண்டு மார்கழி விடுமுறையில் மனைவியோடும் ஒன்பது வயது மகளோடும் நுவரெலியா சென்று, இறம்பொடை வழியாகக் கம்பளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்து வந்த காலின் கீழ், ஒரு வளைவில், மிதி நெகிழ்ந்து அடிவரை அமிழ்ந்தது. வண்டி நிற்கவில்லை. கியரை இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, மலைப்பக்க மண்மேட்டில் உரசி ஒருவாறு நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளத்தாக்கு. “அப்பா, இதில ஏன் நிண்டனாங்கள்?” என்று மகள் கேட்டாள். என்னால் விடை சொல்ல இயலவில்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் வண்டியைக் கழற்றிப் பார்த்தார். பிறேக் பாட் தேய்ந்து தகடாகியிருந்தது. பிறேக் ஒயில் கறுத்திருந்தது. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த ஒயில் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்குமாதலால், காலின் விசை பிறேக்கைச் சென்று சேராது. ஈராண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது பெருஞ் செலவன்று. வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சுருள் ஸ்பிரிங்குகளையும் யாரோ அறுத்திருந்தார்கள்.

“மாஸ்ரர், இந்தக் காரைச் சோடிச்சவை கனபேர், பாத்தவை ஒருத்தருமில்லை” என்றார் அவர்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக அலைந்து, அதற்கேயுரிய ஸ்பிரிங்குகளைத் தேடி எடுத்தேன். ஒயில் வகைகள் யாவும் மாறின. நல்ல ரயர்கள் பூட்டினேன். உறுமும் சைலன்சர் பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. இத்தனைக்கும் பின்னரே, முன்னதிலும் தரமான பிறேக் பாட்டுகளைப் போட்டு, எனது முதலாவது ‘மாற்றத்தை’ச் செய்தேன். இன்று அவ்வண்டி அமைதியாகச் செல்கிறது. திருப்பியவுடன் திரும்புகிறது, மிதித்தவுடன் நிற்கிறது. விதித்த வேகத்துக்குள்ளேயே அது தரும் மகிழ்ச்சி பெரிது. அம்மகிழ்ச்சிக்கு வயதெல்லை உண்டென நான் கருதவில்லை.

மாற்றம் என்பது எனக்குப் புதியதன்று. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. எங்கள் தந்தையார் தமது ஒஸ்ரின் ஏ 40 காரை, ஊரிற் பலரையும் போல, மண்ணெண்ணெயில் ஓட்டினார். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அழுத்தம் குறைந்த அக்காலத்து எஞ்சின் அதனைத் தாங்கிற்று. எனினும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் அவர் காலைதோறும் ஒயிற் கம்பியை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். தாம் செய்த மாற்றம் தம்மீது சுமத்திய கடமையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மருத்துவமனைக்கு நோயாளரை ஏற்றிச் சென்ற அந்தக் கார் வழியில் நின்றிருந்தால், அதன் விலை ஓர் உயிராயிருந்திருக்கும்.

எனது கருத்து இதுவே: ஒவ்வொரு மாற்றமும் ஒரு கடமையை உடன்கொண்டு வருகிறது, அக்கடமையை ஏற்பவனுக்கே மாற்றும் உரிமை உண்டு. யாப்பை உடைக்கும் கவிஞன் அதனை அறிந்திருக்க வேண்டுமென நாம் வகுப்பறையிற் சொல்வது கவிதைக்கு மட்டும் உரியதன்று.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளிற் பழைய வண்டிகளின் விலை ஏறியது. உள்ளதைப் பேணும் அவசியம் எல்லோருக்கும் வந்தது. கராஜ்களில் வேலை செய்வோரின் அருமையை அப்போது உணர்ந்தோம். புதியன வரத் தொடங்கிவிட்டன என்பதற்காக அவ்வுணர்வை நாம் இழத்தல் ஆகாது.

இளைஞரின் விரைவு வேட்கையைப் பழிப்பவர்களுடன் நான் சேரமாட்டேன். இயந்திரத்தை நேசிப்பதும் ஒருவகைக் கல்வியே. ஆனால் வீதியிலே காதைப் பிளந்து செல்லும் கார் ஒவ்வொன்றையும் காணுந்தோறும், அதன் பிறேக் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. என் மாணவர்க்கு நான் கூறுவதும் அதுவே. பழைய கார் வாங்கினால், முதலில் அதனை மாற்றுங்கள். சைலன்சரைப்பற்றிப் பின்னர் பேசலாம்.