சான்றிதழ் நெய்யுமா பட்டுச்சேலை?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க.

போன வாரம் எங்க ஊர் காஞ்சிபுரத்துல ஒரு நெசவுப் பயிற்சி முகாம் முடிஞ்சுது. "அழியும் கலையை மீட்போம்"னு பேனர், சான்றிதழ், குரூப் ஃபோட்டோ, மதியம் பிரியாணி. "இதுல எத்தனை பேர் நாளைக்குத் தறியில உக்காருவாங்க?"ன்னு கேட்டேன். அமைதி.

கத்துக்க ஆள் இல்லாம பட்டு நெசவு சாகலைங்க. கத்துக்கிட்டவனுக்குக் கட்டுப்படியாகாம சாகுது.

கோர்வையையே எடுத்துக்குங்க. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், மூணு நாடா. ஊடை ஓட்டும்போதெல்லாம் உடலும் கரையும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கணும். நெசவாளி தனியா செய்ய முடியாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட கூட ஒருத்தர் வேணும். அந்தக் காலத்துல அங்க உக்காந்தது யாரு? பெரும்பாலும் சின்னப் பசங்க. எங்க மாமா எட்டு வயசுல உக்காந்தவர்.

இன்னிக்குப் பசங்க பள்ளிக்கூடம் போறாங்க. போகட்டும், அதான் நியாயம். ஆனா அந்த இடத்துல உக்கார்ற பெரியவங்களுக்குக் கூலி யார் தர்றது? நெசவாளிதான், தன் கூலியிலேர்ந்து. அதனால கோர்வையை விட்டுட்டு, ஒத்தை ஆளா நெய்யற சேலைக்கு மாறிடறார். இதுக்கு எந்த முகாம்ல பாடம் எடுக்கறீங்க?

சட்டம் இல்லாம இல்ல. கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கி 1985லயே சட்டம் வந்தாச்சு. 2005-06ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனாலும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டுங்கற பேர்ல விக்குது. பட்டு முத்திரை இருக்கேன்னு சொல்லாதீங்க. அது நூல் பட்டான்னுதான் சொல்லும், கையால நெஞ்சதான்னு சொல்லாது.

சும்மா குறை சொல்லிட்டுப் போக மாட்டேன். பயிற்சியை மண்டபத்துலேர்ந்து தெருவுக்குக் கொண்டு வாங்க. மூத்த நெசவாளி வீட்டுத் தறியிலயே, ஒரு வருஷம். கத்துக்கறவர் அந்தக் கரை நாடாப் பக்கம் உக்காரட்டும், முதல் நாளே கூலியோட. கத்துக்குடுக்கறவருக்கு வாத்தியார் சம்பளம். முகாமுக்குச் செலவழிக்கற பணத்தை இதுக்குக் குடுங்க. தறிக்குத் துணை ஆளும் ஆச்சு, தொழிலுக்கு வாரிசும் ஆச்சு.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"ன்னு கேக்கறவங்க பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம். நான் ரெடி :-)

டிஸ்கி: பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு.