கம்பனியின் கத்தரிக்கோலும் தணிக்கைதான்

‘அரசு தடுத்தால்தான் தணிக்கை, தனியார் கம்பனி தன் தளத்தில் எதை நீக்கினாலும் அது அதன் உரிமை’ என்று வாதிடுவோர் ஒருமுறை காங்கேசன்துறைக்கு வரவேண்டும்.

1990இல் இங்கிருந்து துரத்தப்பட்ட சனம் பல ஆண்டுகள் தங்கள் காணியைக் கண்ணால் காணவில்லை. உயர் பாதுகாப்பு வலயம் அது. அருகே தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரைக்கு எதிராகப் போயா நாட்களில் சனம் கூடுகிறது. அந்தக் குரல் உலகத்துக்குப் போவது பெரும்பாலும் முகநூல் வழியாகத்தான். முகநூலுக்கு வெளியே போய்ப் பேசலாமே என்பது, ஒரே சந்தை உள்ள ஊரில் வேறு சந்தைக்குப் போ என்பதைப் போன்றது.

இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமை தருகிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்படி நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். முகநூலை நடத்தும் கலிபோர்னியாக் கம்பனி ஒரு மாவீரர் நாள் படத்தை அழித்தால் அந்தக் கதவு திறக்காது.

அதற்காக அரசிடம் சாவியைக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவின் கையில் பதிவு நீக்கும் அதிகாரத்தை வைத்தது. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது அரசு முகநூலையே முடக்கியது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சை அதற்கு முன்பே தடுக்கக் கம்பனி தவறியிருந்தது. 2020இல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டது.

பதிவை நீக்கினால் அரசும் கம்பனியும் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும். தமிழ் தெரிந்தவர் மேன்முறையீட்டைப் பார்க்கட்டும். இறுதி முடிவைச் சுயாதீன நீதிமன்றம் சொல்லட்டும்.