குச்சியா, பெட்டியா?



மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவருக்குத் தொலைக்காட்சியே துணை. மதுரை நகரில் பணிபுரியும் மகன், அன்பு மிகுதியால் ஒரு 'ஸ்டிக்' வாங்கி அனுப்பினார். அவ்வீட்டிலோ இணைய இணைப்பு இல்லை. திரை வெறுமையாகவே கிடந்தது. பொருளில் குறையில்லை, பொருத்தத்தில்தான் குறை.

ஸ்டிக் என்பது தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் குச்சி போன்ற சிறு கருவி. வைஃபை வழி வரும் இணையமே அதற்கு உயிர். இதனைச் சென்னையிலேயே தயாரிக்கப்போவதாக அமேசான் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. பெட்டிகளில் இருவகை உண்டு. ஒன்று இணையத்தை மட்டும் நம்புவது. மற்றொன்று, 2019-இல் ஏர்டெல் வெளியிட்ட எக்ஸ்ட்ரீம் பெட்டியைப் போல, கூரைமேலுள்ள டிஷ் வழியாகவும் அலைவரிசைகளைப் பெறுவது. இணையம் அறுந்தாலும் அதில் வழக்கமான நிகழ்ச்சிகள் தொடரும்.

ஆகவே, உறுதியான இணையமுள்ள இல்லத்திற்கும், அடிக்கடி வீடு மாறுவோர்க்கும் ஸ்டிக் போதும். இணையம் நலிந்த ஊர்களுக்கு டிஷ் பெட்டியே ஏற்றது. எதை வாங்கினும், விலையோடு மாதச் சந்தாவையும் கூட்டிப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.

மகன் பின்னர் டிஷ் பெட்டியொன்றை மாட்டி, நாள் முழுதும் உடனிருந்து ரிமோட்டின் பொத்தான்களைக் கற்றுக்கொடுத்தார். அத்தாய் என்னிடம் மகிழ்ந்து கூறியது பெட்டியைப் பற்றி அன்று. மகன் அருகிருந்த அந்த ஒரு நாளைப் பற்றியே.