காது கேளாத நாயும் சந்தைக்கு வந்திருக்கும் மின்சாரக் கழுத்துப்பட்டியும்

மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையின் முடிவில் என்னுடைய மாமாவின் காணி இருக்கிறது. அதற்குப் பின்னால் காடு. கடந்த ஆவணியில் அங்கு போனபோது படலையடியில் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. மோட்டார் சைக்கிளை அதற்குப் பக்கத்திலேயே நிற்பாட்டினேன். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் குரைக்காத நாயை வன்னியில் நான் கண்டது அதுதான் முதல் தடவை.

“அவனுக்குக் காது கேளாது பிள்ளை. பின்னால போய்த் தொட்டிடாத. வெருண்டு கடிச்சாலும் கடிச்சுப்போடுவான்” என்றார் மாமா.

மாமாவுக்கும் இடது காது கேளாது. 2009 இல் மாத்தளனில் பக்கத்தில் விழுந்த செல் அதைக் கொண்டுபோய்விட்டது.

வெள்ளையன் இரண்டு தடவை பஸ்ஸில் அடிபடப் பார்த்திருக்கிறான். ஹோர்ன் அடித்தால் விலகமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். எந்நேரமும் சங்கிலியில் கட்டிவைக்க மாமாவுக்கு மனமில்லை. இதைப் பார்த்த வவுனியாவிலிருக்கும் மருமகன், இணையக் கடையொன்றில் ‘பயிற்சிக் கழுத்துப்பட்டி’ ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். கையடக்க ரிமோட், அதில் மூன்று பொத்தான்கள். ஒன்று சத்தம், ஒன்று அதிர்வு, மற்றது மின்னதிர்ச்சி. “நீ படிச்ச பிள்ளை. இதைப் போடலாமோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு” என்றார் மாமா. விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஏன் கேட்பதில்லை?

நாய்களுக்குக் காது கேளாமல் போவதற்கு முதுமை, நாட்பட்ட காதுத் தொற்று, சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், பலத்த வெடிச்சத்தம் எனப் பல காரணங்கள் உண்டு. வெள்ளையனுடையது பிறவியிலேயே வந்தது போலத் தெரிகிறது. உடல் முழுவதும் வெள்ளை, ஒரு கண் நீலம். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் கலங்கள் உட்காதிலும் இருக்கின்றன. அவை அங்கு இல்லாதுபோனால், குட்டி பிறந்து மூன்று, நான்கு கிழமைகளுக்குள் கேட்கும் நரம்புக் கலங்கள் அழிந்துவிடுகின்றன. புள்ளி போட்ட டல்மேஷன் இனத்தில் ஏறத்தாழ 30 வீதமானவற்றுக்கு ஒரு காதாவது கேளாது என அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

முதல் ஒரு வருடம் வீட்டில் யாருக்கும் இது விளங்கவில்லை. மாமா நடந்து வந்தால் வெள்ளையன் எழும்புவான், சட்டி விழுந்தால் திரும்புவான். நிலத்தில் வரும் அதிர்வையே அவன் உணர்ந்திருக்கிறான். வீட்டில் சோதிப்பதாயின், நாய் பார்க்காத பக்கம் நின்று, நிலத்தைத் தொடாமல், காற்றுப் படாமல் சத்தம் எழுப்பிப் பார்க்க வேண்டும்.

காது கேளாத நாய் வன்னியில் வாழ்வது ஏனைய இடங்களைவிடக் கடினம். யானை வந்தால் முதலில் அறிவது நாய்தான். போர்க்காலத்திலும் அப்படித்தான். கிளிநொச்சியில் எங்களிடம் ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. கிபிர் வருவது எங்களுக்குக் கேட்க முன்னரே அது பங்கருக்குள் ஓடிவிடும். அது ஓடினால் நாங்களும் ஓடுவோம். 2008 இன் கடைசியில் தர்மபுரம் பக்கம் வெளிக்கிட்டபோது அதன் சங்கிலியைக் கழற்றிவிட்டோம். பட்டியையும் கழற்றச் சொன்னார் அம்மம்மா, எங்காவது கொழுவிக்கொள்ளும் என்று. வன்னியில் இப்படிக் கழற்றிவிட்ட கதை இல்லாத வீடு குறைவு.

மூன்று பொத்தான்கள்

சத்தப் பொத்தானால் வெள்ளையனுக்குப் பயனில்லை. மிஞ்சுவது இரண்டு.

மின்னதிர்ச்சி, பட்டியிலிருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியாகக் கழுத்துத் தோலில் பாய்கிறது. இதனை 2010 இல் வேல்ஸ் நாடு சட்டத்தால் தடை செய்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு பழக்கப்பட்ட நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. உணவு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட அவை சிறப்பாகக் கீழ்ப்படியவும் இல்லை.

கேளாத நாய்க்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வலி எங்கிருந்து, எதற்காக வந்தது என்று அதற்கு விளங்காது. அந்த நேரம் கண்முன் நிற்பதையே அது வலிக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளும். முன்னால் நிற்பது ஒரு பிள்ளையாக இருந்தால், அடுத்த தடவை அந்தப் பிள்ளையைக் கண்டதும் பாயலாம்.

அதிர்வு வேறு. போன் நடுங்குவது போன்றதுதான். வலியில்லை. ஆனாலும் சில நாய்கள் அதற்கும் வெருளும்.

நான் இதையெல்லாம் சொல்லி முடிக்கமுன் மாமா அந்த முனைகளைத் தன் முன்கையில் வைத்து மூன்றாவது பொத்தானை அழுத்திவிட்டார். ஆகக் குறைந்த அளவில்தான். கையை உதறிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “பின்னால இருந்து ஒண்டு வந்து விழுந்தா எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. இது வேண்டாம்.”

அந்த இரண்டு முனைகளும் திருகாணிபோலக் கழன்று வந்தன. ஆணி போடும் பேணிக்குள் போட்டு வைத்தார்.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை

மின்னதிர்ச்சியே இல்லாத, அதிர்வு மட்டும் உள்ள பட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். மூன்றும் சேர்ந்ததில் அவசரத்துக்குப் பொத்தான் மாறி அழுத்துப்படும். அப்படியானதை ஏற்கெனவே வாங்கியிருந்தால் முனைகளைக் கழற்றுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளிக்கானது. காட்டோரத்தில் அது வெகுவாகக் குறையும். மழைநீர் உட்புகாததா, பற்றரி ஒரு நாளாவது நிற்குமா, நாயின் கழுத்துக்குப் பாரம் கூடவா என்று பாருங்கள்.

பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். எங்கள் வெயிலிலும் ஈரத்திலும் நாள் முழுக்கப் போட்டிருந்தால் தோல் புண்ணாகும், உண்ணியும் சேரும். இரவில் கழற்றிவிட வேண்டும். சங்கிலியை ஒருபோதும் இதில் கொழுவக்கூடாது. அதற்கு வேறு பட்டி.

பட்டியைப் போட்டவுடன் நாய் பழகிவிடாது. முதல் சில நாட்கள் வீட்டு வளவுக்குள் மட்டும், அதிர்வைக் கொடுத்த உடனேயே ஒரு துண்டு மீனோ ஈரலோ கொடுக்க வேண்டும். வேறெதையும் எதிர்பார்க்கக்கூடாது. அதிர்வு வந்ததும் நாய் எங்கள் முகத்தைத் தேடத் தொடங்கும். அதன்பின்தான் கையால் ‘வா’ என்று காட்டிப் பழக்க வேண்டும். நீளமான கயிற்றில் வைத்துப் பழக்கி, நிச்சயமானதும் கயிற்றை விடலாம். தண்டனையாக ஒரு தடவை அழுத்தினாலும் பழையபடி தொடக்கத்திலிருந்து வரவேண்டும். கண்ணிவெடி தேடும் மோப்ப நாய்களுக்கும், வெடிபொருளைக் கண்டுபிடித்தால் பரிசாகக் கிடைப்பது ஒரு பந்துதான்.

பட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. பொழுதுபட்டால் ரோச் லைற்றை இரண்டு தடவை மின்னவைப்பது போதும். பகலில் காலால் நிலத்தில் அடிக்கலாம். கேட்கும் நாயொன்று கூட இருந்தால் அதைப் பார்த்தே இது ஓடி வரும். ‘காது கேளாது’ என்றும் தொலைபேசி இலக்கமும் எழுதிய தகடொன்றைக் கழுத்தில் தொங்கவிடுவது எல்லாவற்றிலும் மலிவானது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வடக்கில் நாய்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கட்டாக்காலி, விபத்து, விசர்நாய்க்கடி என்பவற்றோடு முடிந்துவிடுகிறது. கட்டாக்காலி நாய்களைக் கொல்ல இடமளித்த நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச்சட்டம் 1893 இல் வந்தது. 2006 முதல் கொல்லாமைக் கொள்கை அறிவிக்கப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றானது. மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டமோ 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில் உள்ள தண்டப்பணம் 100 ரூபா. இன்று ஒரு பிளேன்ரீக்கும் வடைக்கும் மட்டுமட்டாகக் காணும் காசு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ரிமோட்டால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். போனில் இரண்டு தடவை தட்டினால் அது முல்லைத்தீவுக்கே வந்து சேர்கிறது. எப்படிப் பாவிப்பது என்று தமிழில் ஒரு வரி அந்தப் பெட்டியில் இல்லை.

நாய்க்கும் மனிதருக்கும் முடிச்சுப் போடுவது சரியா என்று நான் தயங்கினேன். மாமா தயங்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து காத்திருந்திருக்கிறார். இடது பக்கத்திலிருந்து பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்கவில்லை. முறை போய்விட்டது, ஏச்சும் விழுந்தது. “கை காட்டியிருந்தா நான் எழும்பியிருப்பன் தானே” என்றார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இங்கு 1996 இலேயே வந்துவிட்டது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. செல்லும் கிபிரும் செவியைக் கொண்டுபோன மனிதர்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறோம்? கேட்காதவர் குற்றவாளியல்ல. அவருக்கு விளங்கும்படி கூப்பிடுவது கூப்பிடுகிறவருடைய பொறுப்பு.

கார்த்திகையில் மறுபடி போனேன். மாமா பொத்தானை அழுத்தினார். வளவின் மறு மூலையில் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்த வெள்ளையன் தலையைத் தூக்கி அவரைத் தேடினான். அவர் கையை அசைத்தார், ஓடி வந்தான். எப்போதும் அப்படியல்ல. உடும்பைக் கண்டால் எந்த அதிர்வுக்கும் திரும்பமாட்டானாம். பஸ் ஓடும் நேரங்களில் இன்னும் கட்டித்தான் வைக்கிறார்கள்.

பொழுதுபட்டதும் மாமா அவனுக்கு முன்னால் வந்து குந்தியிருந்து, தன்னைக் கண்டபிறகே பட்டியைக் கழற்றினார்.