நெடும்பயணத்துக்கு எந்த மோட்டார் சைக்கிள்? முதலில் காலை ஊன்றிப் பாருங்கள்

சென்ற மாதம் எனது அலுவலகத்து இளைய சகா ஒருவர் நான்காக மடித்த தாளொன்றுடன் என் மேசைக்கு வந்தார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மனைவியுடன் மோட்டார் சைக்கிளிலேயே போய்வர வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதன் பின் அந்த ஆசை மெல்லத் தலைதூக்கியிருக்கிறது. இணையத்தில் தேடி, நான்கு வாகனங்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணையே தயாரித்துவிட்டார். இயந்திரக் கொள்ளளவு, குதிரைவலு, முறுக்குவிசை, தாங்கியின் கொள்ளளவு, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், விலை என்று ஆறு நிரல்கள். பத்திரிகையில் அப்படியே அச்சுக்கு அனுப்பலாம், அவ்வளவு சுத்தம்.

"அண்ணை, இதில எதை எடுக்கலாம்?" என்றார்.

"இதில உம்மட உயரம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. சகாவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். நான் அவரைவிட அரை அங்குலம் கூட. இந்த அரை அங்குலத்தை நம்பி நான் ஒருமுறை பட்ட பாட்டை அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

அது 2014 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறை. நண்பரொருவரிடம் உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவியைப் பின்னால் இருத்தி, புத்தளம் வழியாக ஊருக்குப் புறப்பட்டேன். அந்த வாகனத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. குற்றம் அதனுடையதன்று, என்னுடையது. ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. வளைவுகளில் கீழ்ப்படிந்தது, பள்ளங்களை விழுங்கியது. பெற்றோல் செட் ஒன்றில் எண்ணெய் அடித்துவிட்டு வெளியே வரும்போது வீதியில் ஒரு பஸ் வந்தது. நின்றேன். நின்ற இடம் இடப்பக்கமாகச் சற்றே சரிந்திருந்தது. ஊன்றப்போன இடது கால் நிலத்தைத் தேடியது. நிலம் அங்கே இருக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு கிலோ இரும்பும் இரண்டு மனிதரும் இரண்டு பைகளும் மிக மெதுவாக, நாம் பார்த்துக்கொண்டிருக்கவே, சாய்ந்தோம். வேகம் பூச்சியம். எனக்கு ஒரு கீறலும் இல்லை. மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மழைக்காலத்தில் இன்றும் அந்தக் கையைத் தடவிக்கொள்வார். எனக்கு ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் நல்லது என்று சில வேளைகளில் தோன்றும்.

மோட்டார் சைக்கிள் விமர்சனங்களை வாசிக்கும் எவரும் இவ்வாறான விழுகையைப் பற்றி எங்கும் வாசித்திருக்கமாட்டார்கள். விமர்சகர் தனியாக ஓடுகிறார். பின்னிருக்கை வெறுமையாக இருக்கிறது. பெரும்பாலும் அவர் என்னைவிட ஒரு சாண் உயரமானவர். "இருக்கை உயரம் சற்று அதிகம், ஆயினும் பழகிவிடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். எதற்குப் பழகும்? வயது ஐம்பதைக் கடந்தவனின் கால் இனி வளரப்போவதில்லை.

இருக்கை உயரம் என்ற அந்த எண்ணை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் மொத்த உயரம் இங்கே அவ்வளவு முக்கியமில்லை. தையற்காரர் காற்சட்டைக்கு எடுக்கும் உள்காலளவே முக்கியம். எனது சகாவினுடையது 29 அங்குலம், மில்லிமீற்றரில் 737. அவரது பட்டியலில் முதலாவதாக இருந்த ரோயல் என்பீல்ட் ஹிமாலயனின் இருக்கை உயரம் 800 மில்லிமீற்றர். இடைவெளி 63. சப்பாத்தின் அடித்தோல் கொஞ்சத்தை ஈடுசெய்யும். ஆள் ஏறியதும் ஷொக் அப்சோபர் அமுங்குவதால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் இருக்கையின் முன்பகுதி அகலமாயின் தொடைகள் விரிந்து கொடுக்க, சேமித்த உயரம் மீண்டும் பறிபோய்விடும். ஒடுங்கிய 800, அகன்ற 780 ஐ விடப் பதிவாக இருப்பதுண்டு. ஆகவே எண்ணை நம்பாமல் ஏறி இருந்து பார்க்கவேண்டும். விற்பனை நிலையத்தின் மாபிள் தரையில் பார்த்துப் பயனில்லை. வெளியே, வீதியோரச் சரிவில், பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும்.

கால் எட்டுவது முதற்பிரச்சினை மட்டுமே. மூன்றாவது மணித்தியாலத்தில் வருவது வேறு பிரச்சினை. இருக்கை, ஹான்டில், கால்மிதி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணத்தை ஆக்குகின்றன. நமது உடல் அந்த முக்கோணத்துக்குள் மடிக்கப்படுகிறது. எங்கே எவ்வளவு மடிகிறது என்பதிலேயே அன்றிரவு நித்திரை வருமா என்பது தங்கியிருக்கிறது.

சகாவின் அட்டவணையில் இருந்த ஒரு பல்சரை எடுத்துக்கொள்வோம். 2001 இல் அறிமுகமான பல்சர் வரிசை இலங்கை வீதிகளை எவ்வாறு நிறைத்தது என்பது யாவரும் அறிந்தது. அவர் குறித்திருந்தது ஹான்டில் பதிந்து, கால்மிதி பின்னோக்கிப்போன ரகம். மணிக்கு 120 கிலோமீற்றரில் ஓடினால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டுகள் ஆறுதலடையும். மணிக்கு 50, 60 இல் காற்று தாங்காது. உடற்பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். குருநாகலைத் தாண்டுவதற்குள் விரல்கள் மரத்துவிடும். இந்த வாகனம் மோசமானது என்பதல்ல என் வாதம். நமது பயணத்தின் வேகம் அதற்குரியதல்ல.

நமது அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். அது ஊருக்கு ஊர், சந்திக்குச் சந்தி, பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக நீளும் பாதை. ஐரோப்பியர் தமது நெடுஞ்சாலைகளை மனதில் வைத்து "கையாளும் தன்மை" என்று எழுதுவது வேறு. நமக்கு வேண்டியது வேறு. மாடு குறுக்கே வரும்போது, ஓட்டோ திடீரெனத் திரும்பும்போது, பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு பேருடன் வாகனம் நிதானமாக நிற்குமா என்பதே நமது கேள்வி. வேகமாக ஓடும்போது எந்த மோட்டார் சைக்கிளும் ஓரளவு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது அதை நிமிர்த்துவது நாம்தான்.

உலகின் பெரிய பயண வாகனங்களைப் பார்த்தாலும் இதே பாடந்தான். ஹொண்டா கோல்ட் விங் 1975 இல் நான்கு சிலிண்டருடன் பிறந்தது. இன்றைய வடிவத்தில் ஆறு சிலிண்டர், 1,833 சீசீ, எடை 360 கிலோவுக்கு மேல். கேட்டவுடன் பயம் வரும். ஆனால் அதன் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. இரு பக்கமும் படுத்திருக்கின்றன. பாரம் நிலத்துக்கு அருகில் கிடக்கிறது. இருக்கை உயரம் வெறும் 745 மில்லிமீற்றர். பின்னோக்கி நகரும் வசதியும் உண்டு. மறுபுறம், 2018 முதல் 2023 வரை விற்பனையான ஜேர்மனியின் பீஎம்டபிள்யூ ஆர் 1250 ஜீஎஸ் 249 கிலோதான். நூறு கிலோவுக்கு மேல் இலேசானது. ஆனால் இருக்கை 850, உயர்த்தினால் 870. நீண்ட காலுள்ளவருக்கு அது சொர்க்கம். எனக்கோ ஒவ்வொரு சிவப்பு விளக்கும் ஒரு பரீட்சையாகிவிடும். எடை என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது எனக்கு ஆபத்தானது என்று எவராலும் சொல்லமுடியாது.

பெரிய வாகனம் இருந்தால்தான் நெடும்பயணம் என்ற எண்ணமும் பிழையானது. ரொபர்ட் பேர்சிக் 1968 இல் தன் மகனைப் பின்னால் இருத்தி, மூட்டைமுடிச்சுகளுடன் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை போனது 305 சீசீ ஹொண்டாவில். அதிலிருந்து பிறந்த நூலைப் பல்கலைக்கழக நாட்களில் தத்துவம் என்று படித்தோம். மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் செய்தி சேகரித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாட்களில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய எம்.டி. 90 தான் எங்கள் தேர். புகை கண்ணை எரிக்கும். கியர் மாற்றும்போது இருமும். ஆனால் இரு பாதங்களும் முழுதாக நிலத்தில் பதியும், முதுகு நேராக நிற்கும், முழங்கால் அளவாக மடியும். பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் ஒரே நாளில் போய்வந்தும் நாரி நொந்ததாக ஞாபகமில்லை. இளமையும் காரணம் என்பீர்கள். இருக்கலாம்.

எஞ்சியவற்றுக்கு வருகிறேன். பழைய ஹொண்டா சீடி 125 பென்லியும் பட்டியலில் இருந்தது. 124 சீசீயில் இரட்டைச் சிலிண்டர், நிமிர்ந்த இருப்பு, சாதுவான குணம். உடலுக்கு மிகவும் இசைந்தது அதுதான். ஆனால் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நானூறு கிலோமீற்றர் போக அந்த வயதான பிறேக்கை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை நானே வெட்டிவிட்டேன்.

மிஞ்சியவை ஹிமாலயனும் அதே நிறுவனத்தின் மீற்றியோர் 350 உம். 2016 இல் வந்த 411 சீசீ ஹிமாலயன், 2023 இல் 452 சீசீ வடிவத்துக்கு இடம்விட்டது. சகா பார்த்திருந்தது பழையது, ஒருவர் பாவித்தது. உட்காரும் முறையில் அதனோடு போட்டியிட ஏனைய மூன்றாலும் இயலாது. ஹான்டில் கைக்கு வருகிறது. நாம் அதைத் தேடிப் போகவேண்டியதில்லை. 21 அங்குல முன்சில்லு பள்ளங்களில் விழாமல் கடந்துபோகிறது. முன்னால் 200, பின்னால் 180 மில்லிமீற்றர் அமுங்கும் ஷொக் அப்சோபர்கள் முள்ளந்தண்டைக் காப்பாற்றுகின்றன. குழி வந்தால் மிதியில் எழுந்து நிற்கலாம். மீற்றியோரில் அது முடியாது. கால்கள் முன்னே நீட்டப்பட்டிருப்பதால் பாரம் முழுவதும் நாரியில் இருக்கிறது. ஒவ்வொரு குழியும் நேரே முதுகுக்கு வருகிறது. அதன் மெத்தென்ற இருக்கை ஐந்து நிமிடத்துக்குச் சோபா போலிருக்கும். இரண்டு மணித்தியாலத்தில் பஞ்சு நசிந்து பலகையாகும். ஆனால் இருக்கை உயரம் 765. 191 கிலோ எடை கீழே பதிந்திருக்கிறது. இயந்திரத்தின் அதிர்வைச் சமன்செய்யும் தண்டொன்று உள்ளே இருப்பதால் கையும் மரப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டையும் பார்க்கப் போனோம். சகாவின் மனைவியையும் இரண்டு பைகளையும் கட்டாயம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். புதிய வாகனத்தை வீதியோரச் சரிவுக்கு இறக்கச் சொன்னபோது விற்பனை நிலையத்து இளைஞருக்கு முகம் கறுத்தது. அவ்வாறு எவரும் கேட்டதில்லை என்றார். கேட்கவேண்டும் என்றேன். ஹிமாலயனில் சகாவின் பெருவிரல் மாத்திரமே நிலத்தைத் தொட்டது. மனைவி ஏறியதும் வாகனம் அமுங்கி முன்பாதம் பட்டது. ஆனால் அவர் ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டு விநாடியில் சகாவின் முகத்தில் ஓடிய கலக்கத்தை நான் அறிவேன். எனக்கு அது பழைய முகம்.

இருவருமாகப் பேசி மீற்றியோரை எடுத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்னும் நான்கு அங்குலம் உயரமானவராக இருந்திருந்தால் மறுபேச்சின்றி மற்றதை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை மதவாச்சியிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, நிக்கிற இடமெல்லாம் கால் நல்லா ஊண்டுது. ஆனா நாரி விட்டுப்போச்சு."

"எவ்வளவு நேரமா இறங்காம ஓடினனீர்?"

"ரண்டரை மணித்தியாலம்."

"இறங்கித் தேத்தண்ணி குடிச்சு அரை மணித்தியாலம் நடவும். பிறகு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டும். அவவுக்கு எப்பிடி?"

தொலைபேசி கை மாறியது. "எனக்கு முழங்கால் நோகுது அண்ணை. பின்னுக்குக் கால் வைக்கிற மிதி சரியான உயரம். அண்டைக்குச் சரிவில ஏறி இருக்கேக்கயே தெரிஞ்சது. நீங்கள் ரண்டு பேரும் இவற்ற காலைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்" என்றார் சகாவின் மனைவி.