கழுவுதொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?



தீபாவளி நெருங்கினால் வீட்டிற்குச் சாயம் பூசுவதும் சமையலறையைப் புதுப்பிப்பதும் நம்மிடையே வழக்கம். அடுப்பு, அலமாரி, தரைக்கல் ஆகியவற்றைப் பற்றிப் பல நாள் கலந்து பேசுகிறோம். ஆனால், பாத்திரம் கழுவும் தொட்டியை மட்டும் கடைசி நாளில், கடைக்காரர் காட்டும் இரண்டு மூன்றில் ஒன்றை எடுத்து வேலையை முடித்துவிடுகிறோம். அதையும் பெரும்பாலும் விலை பேசும் ஆண்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தொட்டியின் முன் நாள்தோறும் நிற்பவரோ வேறொருவர்! நிற்பவர்தாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் பொதுக் குழாயடியில் குந்தியமர்ந்து, சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கினார்கள். இன்று குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. எனினும், பல தாய்மார்களை முதுகுவலி விட்டபாடில்லை. அதற்குத் தொட்டியின் அமைப்பும் ஒரு காரணமாகலாம்.

முதலில் ஆழத்தைக் கவனியுங்கள். சமையல் மேடை பொதுவாக 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஆனால், கழுவும் கை வேலை செய்வது மேடையின்மேல் அன்று, தொட்டியின் அடித்தளத்தில்! 85 சென்டிமீட்டர் மேடையில் 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியைப் பதித்தால், அடித்தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில்தான் இருக்கும். உயரமானவர் அரைமணி நேரம் குனிந்தே நிற்க வேண்டும். 20 சென்டிமீட்டர் ஆழமே பலருக்கும் போதும். தொட்டியின் விளிம்பு, நிற்பவரின் முழங்கையைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது நலம்.

அடுத்து, ஒற்றைத் தொட்டியா, இரட்டைத் தொட்டியா? இரட்டை என்றால் வசதி என்று எண்ணுகிறோம். 80 சென்டிமீட்டர் அகலத்தை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இடமே எஞ்சும். நம் வீட்டுக் குவாலியோ 40 சென்டிமீட்டருக்கும் மேல்! அது உள்ளே அமராது, சரிந்து நிற்கும், கழுவும் நீர் தரையில் தெறிக்கும். பெரிய குழம்புச் சட்டிக்கும் இட்லிப் பானைக்கும் அகன்ற ஒற்றைத் தொட்டியே ஏற்றது. இரண்டாம் தொட்டி செய்யும் வேலையை ஒரு நெகிழி வட்டில் செய்துவிடும்.

மூன்றாவது, உலோகம். பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டா. 304 என்னும் வகைத் துருவேறா எஃகில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 201 என்னும் வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவுதான், ஆனால், உப்பும் புளியும் நாளும் படும் இடத்தில் அது எளிதில் கறைபட்டுத் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். அது சரியன்று; 201 வகையும் காந்தத்தை ஈர்ப்பது அரிது. எனவே, வகையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். தகடு 1.2 மில்லிமீட்டர் இருந்தால் உறுதியாக இருக்கும், 0.8 மில்லிமீட்டர்த் தகடு எளிதில் நசுங்கும். 304 வகையேயானாலும், குளோரின் கலந்த வெளுப்பானை இரவு முழுதும் தேக்கி வைத்தால் அரிப்பு ஏற்படும்.

நான்காவது, பொருத்தும் முறை. மேடைக்கு அடியில் பொருத்தும் தொட்டி பார்க்க அழகுதான். கல் மேடைக்கு அது பொருந்தும். மரத்துகள் பலகையாலான மேடைக்குப் பொருந்தாது. வெட்டிய விளிம்பில் நீர் இறங்கிப் பலகை உப்பிவிடும். அத்தகைய மேடைக்கு விளிம்பு மேலே படியும் தொட்டியே பாதுகாப்பு.

இவையெல்லாம் பொருளைப் பற்றியவை. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு.

பாலர் பள்ளிகளில் கைகழுவும் தொட்டியைத் தாழ்வாக அமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை தானே செய்து பழகட்டும் என்பதே அதன் நோக்கம். வீட்டிற்கு வந்ததும் அதே குழந்தை சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுகிறது. “படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?” என்கிறோம். ஆண் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டா! தன் தட்டைத் தான் கழுவுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தால் எந்தப் பிள்ளையின் தேர்ச்சியும் குறைந்துவிடாது. ஆனால், அதைப் பழகாதவன் வளர்ந்தபின், இன்னொருவர் நின்று கழுவுவதை இயல்பென்றே எண்ணுவான். அசையாத ஓர் உறுதியான முக்காலி இருந்தால், முதலாம் ஆண்டு மாணவனும் தொட்டியை எட்டுவான். கொதிநீர்க் குழாயும் கத்தியும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகவே, அடுத்த முறை தொட்டி வாங்கும்போது குடும்பமாகச் செல்லுங்கள். வகுப்பில் நீட்டலளவை படிக்கும் பிள்ளையிடம் அளவு நாடாவைக் கொடுங்கள். அம்மாவின் முழங்கை உயரத்தையும் வீட்டின் மிகப் பெரிய குவாலியின் அகலத்தையும் அவனே அளந்து குறித்து வரட்டும். அப்பாவும் ஒருமுறை அத்தொட்டியின் முன் நின்று, அடித்தளம்வரை கையை நீட்டிப் பார்க்கட்டும். ஒருவர் மட்டுமே நிற்கப்போகும் இடமாக அதைக் கருதாமல், எல்லாரும் முறை வைத்து நிற்கும் இடமாகக் கருதித் தேர்ந்தெடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.