மாநகராட்சிகள் கேட்கவும் பழக வேண்டும்

ஜகார்த்தாவில் மழை கொட்டினால் மக்கள் ட்விட்டரில் கொட்டித் தீர்ப்பார்கள். அந்தப் புலம்பலையே பயனுள்ள தகவலாக மாற்றியது 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பெட்டா ஜகார்த்தா’ திட்டம். நகரின் பேரிடர் மேலாண்மை முகமையும் ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகமும் இதில் கைகோத்தன. வெள்ளம் என்று ஒருவர் பதிவிட்டால், இடத்தைக் காட்டி உறுதிப்படுத்தச் சொல்லி அவருக்குத் தானியங்கிப் பதில் போகும். அவர் உறுதிசெய்ததும் அந்தத் தகவல் பொது வரைபடத்தில் ஏறிவிடும். அதிகாரிகள் பார்த்த அதே வரைபடத்தைத் தண்ணீர் சூழ்ந்த தெருவில் இருந்தவரும் பார்க்க முடிந்தது. இதற்கெனப் புதிய செயலி எதையும் யாரும் தரவிறக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னையில் 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது நடந்தது வேறு. எங்கே படகு வேண்டும், எங்கே உணவு கிடைக்கும் என்ற பட்டியல்களைத் தன்னார்வலர்களே சமூக வலைதளங்களில் திரட்டிப் பரப்பினார்கள். நகரை ஆள்பவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சென்னை மாநகராட்சி எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் புகார்களுக்குப் பதில் தருகிறது. 1913 உதவி எண்ணும் இயங்குகிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால், அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால் பற்றி ஒருவர் படத்தோடு பதிவிட, “உரிய அலுவலருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்று பதில் வருவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. அடைப்பு எடுக்கப்பட்டதா, எப்போது, இல்லையென்றால் ஏன் என்பது அந்தத் தெரு முழுவதற்கும் தெரிய வேண்டும்.

தனியார் தளத்தை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. நியூயார்க்கில் சுரங்க ரயில்களையும் பேருந்துகளையும் இயக்கும் எம்.டி.ஏ., 2023 ஏப்ரலில் தன் சேவை அறிவிப்புகளை ட்விட்டரில் வெளியிடுவதை நிறுத்தியது. தானியங்கிப் பதிவுகளுக்கு ட்விட்டர் நிறுவனம் கட்டணம் கேட்டது அதற்கு முக்கியக் காரணம். அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட்ட பிறகே எம்.டி.ஏ. திரும்பி வந்தது. நமக்கோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இன்னொன்றையும் காட்டியது: பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, கைப்பேசியில் சிக்னலும் இல்லை.

ஆகவே, எக்ஸில் வரும் புகாரும் 1913-இல் வரும் புகாரும் ஒரே பதிவேட்டில், ஒரே வரிசையில் ஏற வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத மூதாட்டியின் புகார் பின்னுக்குப் போகக் கூடாது. 200 வார்டுகளுக்கும் தனித்தனியாக அந்தப் பட்டியல் மாநகராட்சியின் சொந்த இணையதளத்தில் தமிழில் இருக்க வேண்டும். வார்டு அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். வெள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கி ஆட்டோ வழியாகவும் தெருவுக்கு வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு மண்டலத்திலாவது இதை நடைமுறைப்படுத்த மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றட்டும்.